எழுதாத் தண்டனை

உலகின்கண் அரசுகள் தம்மை எதிர்த்துரைப்பார்க்கு விதிக்கும் தண்டனை இருவகைப்படும் என்று யாம் கருதுகின்றோம். ஒன்று எழுதும் தண்டனை. மற்றொன்று எழுதாத் தண்டனை. எழுதும் தண்டனைக்குச் சட்டப்பிரிவு உண்டு, நாள் உண்டு, நீதிபதியின் கையொப்பம் உண்டு, மேன்முறையீடும் உண்டு. எழுதாத் தண்டனைக்கோ இவற்றுள் ஒன்றேனும் இல்லை. அது சிறைக்கூடத்தின் இருளில் நிகழ்வது. சிறைக்கதவு திறந்த பின்னரும் நிழல்போல் தொடர்ந்து வருவது. அதனை விதித்தார் இன்னார் என எந்த ஏடும் கூறாது. ஆயினும் முன்னதினும் பின்னதே கொடிது. இவ்வுண்மையை எமக்கு உணர்த்தியது, எம் தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் 1925ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 23ஆம் நாள் உயிர்நீத்த சுப்பிரமணிய சிவாவின் வரலாறாகும். அதனையே எம்முடன் பயிலும் அன்பர்க்கும், ஆசிரியப் பெருமக்கட்கும், இக்கல்லூரியில் முன்னர்ப் பயின்று சென்ற மூத்தோர்க்கும் ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

அரசனை இடித்துரைத்தல் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. இன்று தருமபுரி எனப்படும் எம் ஊர் பண்டு தகடூர் எனப் பெயர் பெற்றிருந்தது. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட அவ்வூர் வாயிலில் நின்று, பரிசில் தரக் காலந்தாழ்த்த அவனையே ஒளவையார் கடிந்து பாடினார். அப்பாட்டுப் புறநானூற்றில் இருக்கின்றது. அதியமான் அவரைச் சிறையிட்டானல்லன். பின்னர்த் தன் தூதராகத் தொண்டைமானிடத்து அவரையே விடுத்தான். தன்னைக் கடிந்த நாவே தனக்காக உண்மை பேசும் என அவன் அறிந்திருந்தான் போலும்! திருவள்ளுவரும், இடித்துரைப்பாரைத் துணையாகப் பெறாத வேந்தன் பகைவர் இன்றியே கெடுவான் என்று கருத்துரைத்தார்.

எனினும், எல்லா வேந்தரும் அதியமான் அல்லர். இளந்தத்தன் என்னும் புலவர் நலங்கிள்ளியிடத்திலிருந்து உறையூர் புக்கபோது, நெடுங்கிள்ளி அவரைப் பகைவனின் ஒற்றர் என ஐயுற்றுக் கொல்லப் புகுந்தான். ஆராய்வு இல்லை, சான்று இல்லை, ஐயம் ஒன்றே குற்றமாயிற்று. அந்நாளில் கோவூர்கிழார் இடையே புகுந்து, புலவர் வாழ்க்கை பிறர்க்குத் தீங்கு எண்ணாதது என எடுத்துப் பாடி அவ்வுயிரை மீட்டார். இவ்விரு செய்திகளையும் வகுப்பிற் பயின்றபோது, அவை பழங்கதை என்றே எம் நண்பர் சிலர் எண்ணினர். அவை பழங்கதை அல்ல என்பதை 1908ஆம் ஆண்டின் திருநெல்வேலி காட்டும்.

சிவா 1884ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4ஆம் நாள் வத்தலக்குண்டில் பிறந்தவர். 1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் தூத்துக்குடி சேர்ந்து, வ. உ. சிதம்பரம் பிள்ளையின் இல்லத்தில் தங்கி, கடற்கரையில் நாள்தோறும் மக்களிடையே பேசினார். பிள்ளையவர்கள் 1906இல் சுதேசிக் கப்பற் குழுமத்தை நிறுவி, வெள்ளையரின் கப்பல் வாணிகத்தோடு போட்டியிட்டு நின்ற காலம் அது. பிப்ரவரி இறுதியில் கோரல் நூலாலைத் தொழிலாளர் கூலி உயர்வும் ஓய்வும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர், இருவரும் அவர்க்குத் துணைநின்றனர், ஆலையார் இணங்கினர். மார்ச்சுத் திங்கள் 9ஆம் நாள் வங்கத்து விபின சந்திர பாலர் சிறையினின்றும் விடுதலையானதனைக் கொண்டாடினர். 12ஆம் நாள் பிள்ளையும் சிவாவும் பத்மநாப ஐயங்காரும் சிறைப்பட்டனர். 13ஆம் நாள் திருநெல்வேலியில் கலகம் விளைந்தது. அரசுக் கட்டடங்கள் எரிந்தன. போலீசார் சுட்டதில் நால்வர் மாண்டனர்.

நாள்களின் இவ்வரிசையை அன்பர்கள் உற்று நோக்குக. எம் கல்லூரித் தமிழ்ச் சொற்போர் ஒன்றில் நண்பர் ஒருவர், 'பேச்சினால் தீ எழுந்தது, தீயை அவிக்க வேண்டிய அரசு பேச்சை அடக்கியது, இதில் தவறென்னை?' என்று வினவினார். வினா நேரியதே. ஆயின், பேச்சுகள் பல நாள் நிகழ்ந்தன, ஊர் எரியவில்லை. பேசினாரைப் பிடித்த மறுநாளே எரிந்தது. கட்டடத்திற்குத் தீயிட்டவனைத் தீயிட்ட குற்றத்திற்காகத் தண்டித்தற்குச் சட்டத்தில் வேறு பிரிவுகள் உள்ளன. சிவா தண்டிக்கப்பட்டது தீயிட்டதற்காக அன்று. அவர்மேற் சாற்றிய குற்றம், 124-ஏ என்னும் பிரிவின்படி அரசநிந்தனை. ஆகவே, பின்னர் நிகழ்ந்த கலகத்தைக் காட்டி முன்னர் நிகழ்ந்த பேச்சைக் குற்றமாக்குதல் நீதிமுறை ஆகாது என்று யாம் விடையிறுத்தோம்.

அப்பிரிவின் வரலாறும் அறியத்தக்கது. 1860இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அஃது இடம்பெறவில்லை, 1870இல் சேர்க்கப்பட்டது, 1897இல் திலகர்மேல் ஏவப்பட்டது, 1898இல் மேலும் விரிக்கப்பட்டது. அதன் உயிர்ச்சொல்லைத் தமிழிற் கூறுவதாயின் 'அன்பின்மை' என்றே கூறல்வேண்டும். அரசின்மேல் அன்பின்மையை ஊட்டுதல் குற்றம் என்பது அதன் பொருள். தமிழ் பயிலும் எமக்கு இது பெருவியப்பாகத் தோன்றுகின்றது. அன்பு என்பது தானே ஊறுவது. அடைக்குந்தாழ் இல்லாதது போலவே அதனைத் திறக்கும் திறவுகோலும் அரசிடத்தில் இல்லை. 1922ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் ஆமதாபாத்தில் இதே குற்றத்திற்கு விசாரிக்கப்பட்ட காந்தியடிகளும், அன்பைச் சட்டத்தால் உண்டாக்கல் இயலாது என்னும் இக்கருத்தையே நீதிபதிமுன் மொழிந்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஆறாண்டுச் சிறை ஏற்றார்.

திருநெல்வேலி வழக்கை விசாரித்தவர் செஷன்சு நீதிபதி பின்ஹே என்பார். 1908 சூலை 7ஆம் நாள் அவர் தீர்ப்பளித்தார். பிள்ளைக்கு அரசநிந்தனைக்காக ஓர் ஆயுள் தண்டனையும், சிவாவிற்கு உடந்தையாய் இருந்தமைக்காக மற்றோர் ஆயுள் தண்டனையும் விதித்தார். ஓர் உயிர்க்கு இரண்டு ஆயுள் தண்டனை! சிவாவிற்குப் பத்தாண்டுத் தீவாந்தர தண்டனை. அதே திங்கள் 22ஆம் நாள் பம்பாயில் திலகர்க்கு ஆறாண்டு விதிக்கப்பட்டது. அங்கு ஒன்பது ஜூரிகளுள் எழுவர் குற்றவாளி என்றனர். இருவர் அன்று என்றனர். எழுவரும் ஐரோப்பியர், இருவரும் இந்தியர். நீதியின் துலாக்கோல் எப்பக்கம் சாய்ந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆயினும், உண்மையை ஒருபுறம் மட்டும் கூறுதல் எமக்கு ஒவ்வாது. அவ்வழக்குச் சென்னை உயர்நீதி மன்றத்திற்குச் சென்றது. அங்கே தண்டனைகள் குறைக்கப்பட்டன. சிவாவின் பத்தாண்டு ஆறாண்டாயிற்று. அடக்குமுறை அரசும் தன் எழுத்திற்கு ஓரளவு கட்டுப்படுகின்றது. தீர்ப்பை எழுதியமையால் அதனைப் பிறர் படிக்க இயன்றது. படித்தமையால் வினவ இயன்றது. வினவியமையால் நான்காண்டு குறைந்தது. நூறாண்டிற்கும் மேலான பின்னர் யாமும் அதனை ஆராய்ந்து குறைகூற இயல்கின்றது. எழுத்து, எழுதினவனையும் கட்டும். இஃது எழுதும் தண்டனையின் இயல்பு.

இனி எழுதாத் தண்டனைக்கு வருவோம். சிவா திருச்சிராப்பள்ளியிலும் சேலத்திலும் சிறையிருந்தார். எம் மாவட்டம் 1965ஆம் ஆண்டு வரையில் சேலத்தின் பகுதியாகவே இருந்தமையால், அச்சிறை எம் முன்னோர்க்கு அயலூர்ச் சிறை அன்று. அரசியற் கைதி என்னும் வேறுபாடின்றிக் கடுந்தொழில் வாங்கினர். கோயமுத்தூர்ச் சிறையில் பிள்ளையவர்கள் இழுத்த செக்கை உலகம் அறியும். அச்செக்கு இன்றும் சென்னைக் கிண்டியில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. சிவா சிறையினின்று கொண்டுவந்ததோ கண்காட்சியில் வைத்தற்கு இயலாத ஒன்று. அவருடம்பைத் தொழுநோய் பற்றியிருந்தது. 1912இல் அவர் வெளிவந்தபோது வயது இருபத்தெட்டு.

நோயுற்றும் அவர் ஓய்ந்தாரல்லர். 1913இல் சென்னையில் 'ஞானபாநு' என்னும் மாத இதழைத் தொடங்கினார். தனித்தமிழில் கட்டுரை எழுதுவார்க்குப் பரிசும் அதன்கண் அறிவித்தார் என்பது தமிழ் மாணவராகிய எமக்கு மகிழ்வூட்டும் செய்தி. 1921இல் மீண்டும் அரசநிந்தனைக் குற்றஞ்சாற்றிச் சிறையிட்டனர். பின்னர் அவர் பாப்பாரப்பட்டியை உறைவிடமாகக் கொண்டு, பாரத ஆசிரமம் நிறுவி, பாரதமாதாவிற்குக் கோயில் எடுக்க முனைந்தார். 1923இல் சித்தரஞ்சன தாசர் அதற்கு அடிக்கல் நாட்டினார். அக்கோயிலுக்குப் பொருள் திரட்ட ஊர்தோறும் செல்லல் வேண்டும். செல்ல ஒட்டாது தடுத்தது அரசு. தொற்றுநோயாளர் என்று கூறி அவரைப் புகைவண்டியில் ஏறலாகாது எனத் தடைசெய்தனர். அவர் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் ஊரூராய்ச் சென்றார். புண்பட்ட கால்களோடு நடந்து நடந்து, நாற்பதாம் அகவையிலேயே எம் மண்ணில் சாய்ந்தார்.

பின்ஹேயின் தீர்ப்பில் தொழுநோய் இல்லை. உயர்நீதி மன்றத்தின் தீர்ப்பில் புகைவண்டித் தடை இல்லை. விதிக்கப்பட்டன ஆறாண்டு, அவர் நுகர்ந்ததோ பதினேழாண்டு. எஞ்சிய ஆண்டுகளை விதித்தவர் யார்?

இவ்வினா எமக்கு ஏட்டில் தோன்றிய வினா அன்று. எம் தாத்தா பென்னாகரம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்கின்றார். இளமையில் அவரையும் இந்நோய் பற்றியது. அரசு மருத்துவர் தந்த மாத்திரைகளால் நோய் அறவே நீங்கிப் பல்லாண்டு ஆயின. மடங்கிய விரல்கள் மட்டும் நிமிரவில்லை. கூட்டுமருந்து முறையை உலக நலவாழ்வு நிறுவனம் 1981ஆம் ஆண்டிற் பரிந்துரைத்தபின், இந்நோய் முற்றும் தீர்வதாயிற்று. மருந்து உண்ணத் தொடங்கியவரிடத்திலிருந்து அது பிறர்க்குப் பரவாது என்பதும் மருத்துவர் யாவரும் அறிந்ததே. ஆயினும், தாத்தா சந்தைக்குப் புளி கொண்டு சென்ற நாள்களில், அவர் விரல்களைக் கண்ட பேருந்து நடத்துநர் ஒருவர் அவரை வழியில் இறக்கிவிட்டதுண்டு. அன்று முதல் அவர் துண்டினாற் கையை மறைத்துக்கொண்டே வண்டி ஏறுவார். எம் ஊர் ஆலயத்தில் திருவிருந்துக் கிண்ணம் அவர்க்கு எல்லார்க்கும் கடையிலேயே நீட்டப்பட்டது. அதனைச் செய்க என எந்தச் சபை ஒழுங்கும் எழுதவில்லை. யாரும் ஆணையிடவுமில்லை. அது தானே நிகழ்ந்தது, பல்லாண்டு நிகழ்ந்தது.

சென்ற ஆடித் திங்களில் அவரை உடனழைத்துக்கொண்டு பாப்பாரப்பட்டி சென்றோம். சிவாவின் மணிமண்டபத்தையும், 2021இல் திறக்கப்பட்ட பாரதமாதா நினைவாலயத்தையும் கண்டோம். திண்ணையில் அமர்ந்து, 1908ஆம் ஆண்டு வழக்கையும் புகைவண்டித் தடையையும் தாத்தாவிற்கு எடுத்துச் சொன்னோம். எழுத்தறியாத அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "கண்ணு, ஜட்ஜு தீர்ப்பிலே கையெழுத்துப் போடுகிறாரே, வண்டியை விட்டு இறங்கு என்கிறவன் எதிலே கையெழுத்துப் போடுகிறான்?" என்று கேட்டார். எமக்கு விடை தோன்றவில்லை. "கையெழுத்து இருந்தால் எவனையாவது கேட்கலாம். இல்லாவிட்டால் யாரைப் போய்க் கேட்பது?" என்று தாமே தொடர்ந்தார். ஒளவையார் தகடூர் வாயிலில் நின்றபோது, உள்ளே அதியமான் இருக்கின்றான் என்பதையேனும் அறிந்திருந்தார். எம் தாத்தா நின்ற வாயிலில் எவரும் இல்லை.

எம் திருமறையிலும் இத்தகைய வழக்கொன்று உண்டு. எருசலேம் முற்றுகையிடப்பட்ட நாளில் எரேமியா தீர்க்கதரிசி, நகரம் பகைவர் கைப்படும் என உண்மை உரைத்தார். பிரபுக்கள் அவரைப் படைவீரரின் கைகளைத் தளர்த்துகின்றார் எனக் குற்றஞ்சாற்றினர். அரசநிந்தனைச் சட்டம் பிறவாமுன்பே அக்குற்றம் பிறந்திருந்தது! அரசனாகிய சிதேக்கியா அவரைக் கொல்லச் சொல்லவில்லை, காக்கவும் இல்லை, அவர் உங்கள் கையில் இருக்கின்றார் என ஒதுங்கினான். அவர்கள் எரேமியாவைச் சேறு நிறைந்த துரவில் இறக்கினர். கொலைத் தீர்ப்பு எழுதப்படவில்லை. சேறும் பசியும் அதனை நிறைவேற்ற விடப்பட்டன. எழுதாத் தண்டனையின் இலக்கணம் முழுதும் இவ்வொரு நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது. ஆளுவோன் கை கழுவுவான், ஏவலர் செய்வர், நோயும் பசியும் முடிக்கும்.

இவையெல்லாம் அயலார் ஆட்சியின் தீமை. நம்மவர் ஆட்சியில் இராது என்பார் உளராயின், அவர் 1976ஆம் ஆண்டை நினைத்தல் நலம். 1975 சூன் 25ஆம் நாள் நாட்டில் நெருக்கடிநிலை சாற்றப்பட்டது. 1976 சனவரி 31ஆம் நாள் தமிழ்நாட்டு ஆட்சி கலைக்கப்பட்டு, எதிர்க்கட்சியார் பலர் மிசாச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றிச் சென்னை மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்க்கு எழுதிய ஆணை காவல் ஒன்றே. அடியும் உதையும் எவ்வாணையிலும் இல்லை. ஆயினும் அவை இரவில் நிகழ்ந்தன. சென்னை நகரின் மேயராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய சிட்டிபாபு அங்கே அடியுண்டு, 1977 சனவரித் திங்களில் மறைந்தார். அதே 1976 ஏப்ரலில், நெருக்கடிநிலையிற் காவலில் உள்ளார் நீதிமன்றத்தை அணுக இயலாது என உச்சநீதி மன்றமும் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளுள் கன்னா ஒருவரே மாறுபட்டார். நெருக்கடி நீங்கியபின் சென்னைச் சிறைக் கொடுமைகளை ஆராய்ந்தவர் நீதிபதி மு. மு. இஸ்மாயில். கம்பன் கவியில் தோய்ந்த அப்பெருந்தகை, எழுதாமல் நிகழ்ந்தவற்றை ஒவ்வொன்றாக எழுத்தில் வடித்தார். தமிழ் பயின்றார் நாட்டிற்குச் செய்யத்தக்க தொண்டு யாது என வினவுவார்க்கு யாம் அவரைக் காட்டுவோம்.

ஆகவே, செய்யத்தக்கது யாது? எழுதாத் தண்டனையை எழுத்திற் கொணர்தலே என்பது எம் துணிபு. உச்சநீதி மன்றம் 1996இல் பாசு வழக்கில் அளித்த தீர்ப்பு இவ்வழிச் சென்றது. பிடிக்கும் அலுவலர் தம் பெயர் தெரிய அணிதல் வேண்டும். பிடித்த நேரத்தையும் நாளையும் குறிப்பில் எழுதுதல் வேண்டும். சான்றாளர் ஒருவரும் பிடிபட்டவரும் அதிற் கையொப்பமிடல் வேண்டும். காவலில் இருப்பவரை நாற்பத்தெட்டு மணிக்கு ஒருமுறை மருத்துவர் ஆராய்தல் வேண்டும். இவை சிறிய செய்திகளாகத் தோன்றலாம். ஆயின், இவையே கையொப்பம் இல்லாத இடத்திற் கையொப்பத்தை நாட்டுவன. சிவா சிறைபுக்க நாளிலும் மீண்ட நாளிலும் மருத்துவரொருவர் எழுதிய குறிப்பு அவர் கையில் இருந்திருப்பின், அவர் எவரையேனும் கேட்டிருத்தல் கூடும். அவ்விதிகள் ஏட்டில் இருந்தும், 2020 சூன் திங்களில் சிவா பேசிய அதே தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில், போலீசார் காவலுக்குட்பட்ட தந்தையும் மகனும் மாண்டனர். விதி இருத்தல் மட்டும் போதாது; அதனைக் கேட்பார் வேண்டும்.

124-ஏ பிரிவும் நெடுங்காலம் வாழ்ந்தது. அரசியல் நிர்ணய சபையார் பேச்சுரிமைக்கு உரிய வரம்புகளினின்றும் அரசநிந்தனை என்னும் சொல்லை நீக்கினர்; பிரிவோ சட்டத்தில் நின்றது. 1962இல் கேதார்நாத் வழக்கில், வன்முறையைத் தூண்டும் சொல்லே குற்றமாகும் என உச்சநீதி மன்றம் அதனைக் குறுக்கியது. 2022 மே 11ஆம் நாள் அதன் செயலை நிறுத்திவைத்தது. 2024 சூலை 1ஆம் நாள் பழைய தண்டனைச் சட்டமே வழக்கொழிந்தது. புதிய சட்டத்தின் 152ஆம் பிரிவு நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைக்கும் ஊறு செய்வாரைத் தண்டிக்கின்றது. நாட்டைக் காத்தல் வேறு. நாட்டை ஆளுவோரைக் குறையினின்றும் காத்தல் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியும் கண் நீதிமன்றத்திற்கு மட்டுமன்று, நமக்கும் வேண்டும்.

அன்பர்காள்! சிலப்பதிகாரத்தை நாம் கற்கின்றோம். கோவலன்மேல் எழுதிய தீர்ப்பு ஒன்றும் இல்லை. பொற்கொல்லன் ஒருவன் கூறினான், ஊடல் தீர்க்க விரைந்த பாண்டியன், ஆராயாது ஒரு சொல் உரைத்தான், வாள் வீழ்ந்தது. அஃதும் எழுதாத் தண்டனையே. எனினும், கண்ணகி வாயிலில் வந்து நின்றபோது அவன் மறைந்தானல்லன், காவலரைக் காட்டினானல்லன், சிலம்பு உடைந்து உண்மை தெறித்த கணமே பழியைத் தன்மேல் ஏற்று, அரியணையினின்றும் வீழ்ந்து உயிர்விட்டான். இளங்கோவடிகள் அவனைச் செங்கோல் வளையாதவன் என்றே வைத்துப் பாடியது அதனாலன்றோ? தன் ஆணைக்குத் தன் உயிராற் கையொப்பமிட்டவன் அவன். அத்தகைய வேந்தர் அரியர். ஆதலின், கையொப்பம் எங்கே என்று கேட்கும் குடிகள் பலராதல் வேண்டும். சிவா நடந்த ஊர்களில் பிறந்த யாம் அவ்வினாவைக் கேட்கக் கற்றுக்கொண்டிருக்கின்றோம். உடன்பயிலும் நீவிரும் எம்மோடு சேர்ந்து கேட்க வேண்டுகின்றோம்.